நடுரோட்டில் அளவெடுத்த ஜாக்கெட்

போன வருஷம் கத்திரி வெயில் ஆரம்பிச்ச நேரம். சாத்தூர்ல இருந்து ஏழாயிரம்பண்ணை போற ரோட்டுல பகல்ல வண்டி ஓட்டினவங்களுக்கு அந்த வெயிலைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். ஹேண்டில்பாரைத் தொட்டா கை பொசுங்கும்.

எங்க வீட்டுல பைக் ஓட்டுறது நான்தான். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயசுலேயே ஒரு கண்ணுல பார்வை மங்கிப்போச்சு, அதனால வண்டியத் தொடமாட்டார். தீப்பெட்டி கம்பெனியில கணக்கு எழுதுறார். எனக்கு ஒரு அச்சகத்துல ஆர்டர் பிடிக்கிற வேலை. பட்டாசுப் பெட்டியில ஒட்டுற லேபிள் மாதிரிகளைத் தூக்கிக்கிட்டு கம்பெனி கம்பெனியா போகணும். காலையில அவரைப் பின்னாடி ஏத்திக்கிட்டுத்தான் கிளம்புவேன். அவர் முருங்கைக்காய் மாதிரி நெடுநெடுன்னு இருப்பார். நான் பூசணிக்காய் மாதிரி குட்டையா, குண்டா. "நம்ம ரெண்டு பேரையும் சேத்துப் போட்டா ஒரு சாம்பார் ஆயிரும் புள்ள"ன்னு அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்பதான் என்கூட வேலை பார்க்கிற பொண்ணு ஒருத்தி ஸ்கூட்டியில இருந்து விழுந்துட்டா. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிஞ்சு போச்சு. அவளைப் பார்க்கப் போயிட்டு வந்த என் வீட்டுக்காரர் அன்னைக்கு ராத்திரி சரியா சாப்பிடவே இல்ல. விடிஞ்சதும், "ஒனக்கு ஒரு ரைடிங் ஜாக்கெட் வாங்கியே ஆகணும்"னு ஆரம்பிச்சுட்டார்.

ஆன்லைன்ல ஒண்ணு வரவழைச்சோம். ஆம்பளைங்க அளவு. தோள் சரியா இருந்துச்சு, இடுப்புல ஜிப் ஏறல. அதைத் திருப்பி அனுப்பிட்டுப் பெரிய அளவு வாங்கினோம். ஜிப் ஏறுச்சு, ஆனா ஜாக்கெட் கை என் விரலையும் சேர்த்து முழுங்கிருச்சு. அடிபடாம காக்க முழங்கையில இருக்க வேண்டிய பேடு மணிக்கட்டுக்குப் பக்கத்துல தொங்குது. துணியும் கனம். போட்டுக்கிட்டு வாசல்ல கொஞ்ச நேரம் நின்னதுக்கே இட்லிச் சட்டிக்குள்ள உட்கார்ந்த மாதிரி வெந்துபோனேன்.

சரி, நேர்ல பார்த்தே வாங்குவோம்னு மதுரைக்குப் போனோம். கிளம்பும்போது அவர் ஆபீசுக்கு போன் போட்டு, "பொண்டாட்டிக்கு ஜாக்கெட் எடுக்கணும், இன்னைக்கு லீவு"ன்னார். அந்தப் பக்கம் சிரிச்ச சிரிப்பு எனக்கே கேட்டுச்சு.

கடையில இருந்த விற்பனையாளர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "உங்க சைஸுக்கு லேடீஸ்ல வராதுங்க. ஜென்ட்ஸ்ல பெருசா எடுத்துக்கோங்க"ன்னு கடை முழுக்கக் கேக்கிற மாதிரி சொன்னார். எனக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "வாங்க, போவோம்"னு வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு இழுத்தேன்.

பக்கத்துல ஹெல்மெட் பார்த்துக்கிட்டிருந்த ஒரு அம்மா திரும்பினாங்க. என்னை விட நல்ல ஆகிருதி. முட்டி வரைக்கும் பூட்ஸ், அதுல புழுதி. "அக்கா, உடம்பு பெருசா இருந்தா கையுமா நீளமா இருக்கும்? அவர் சொல்றதைக் கேக்காதீக. எங்கூட வாங்க"ன்னாங்க.

அவங்களே அலமாரியைக் கிளறினாங்க. வலை மாதிரி துணியில, இடுப்புப் பக்கம் விரிச்சுக்கிற மாதிரி தனி ஜிப் வச்ச ஒண்ணு கிடைச்சது. கண்ணாடி முன்னாடி என்னை நிக்கவே விடல. கடையில காட்சிக்கு நிறுத்தியிருந்த வண்டியில ஏறி உட்காரச் சொன்னாங்க. "நின்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஓட்டுற மாதிரி குனிஞ்சு கையை நீட்டுங்க. வயித்தை அழுத்துதா? முதுகு தெரியுதா?" அப்புறம் முழங்கைப் பேடைப் பிடிச்சுத் திருகிப் பார்த்தாங்க. "இது நகரக் கூடாது. விழும்போது இது ஒரு பக்கம், உங்க கை ஒரு பக்கம்னு போச்சுன்னா போட்டும் புண்ணியமில்ல."

எல்லாம் பொருந்துச்சு, கை நீளம் மட்டும் கொஞ்சம் கூட. பை தைக்கிறவங்ககிட்ட குடுத்துக் கையைக் குறைச்சு, பேடு வைக்கிற உறையையும் மேல ஏத்தித் தைக்கச் சொன்னாங்க. அதுக்குள்ள அவங்க பார்வை என் வீட்டுக்காரர் மேல போயிருச்சு.

"எனக்கெதுக்குங்க? நான் பின்னாடிதான உக்காருவேன்"னு இவர் நழுவினார்.

"விழும்போது முன்னாடி பின்னாடின்னு பாத்தா அண்ணே விழுவீக?"

அவருக்கு எதைப் போட்டாலும் கொடியில காயப்போட்ட மாதிரி தொங்குச்சு. காத்து உள்ள புகுந்தா பலூனா ஊதிரும்னு சொல்லி, ஒடுக்கமா, கை நீளமா, இடுப்புலயும் புஜத்துலயும் இழுத்துக் கட்டுற பட்டி வச்சதா ஒண்ணை அவங்களே தேடி எடுத்துக் குடுத்தாங்க. நாங்க நன்றி சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. பேரு கூடக் கேக்கல.

சாத்தூர்ல பை தைக்கிற கடை வாசல்லதான் அடுத்த கூத்து. "வண்டில உக்காந்தபடிதான் அளவு எடுக்கணும்"னு இவர் ஒத்தக்கால்ல நின்னார். நான் ஜாக்கெட்டை மாட்டி நடுரோட்டுல வண்டி மேல கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இவர் சாக்பீஸோட என் முழங்கையைத் தேடிக் கோடு போடுறார். பார்வை இருக்கிற கண்ணைப் பக்கத்துல கொண்டுவந்து, அழிச்சு, மறுபடி போடுறார். எதிர் டீக்கடையில இருந்து ஒருத்தர், "ஏண்ணே, ஜாக்கெட் அளவு எடுக்க வேற எடமே கெடைக்கலியா?"ன்னு கத்தினார். தெருவே சிரிச்சது. இவர் அசரல. "என் பொண்டாட்டி கை, நான் பாத்துத்தான் தைக்கணும்"னார். வெக்கத்துலயும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்புறம் தினமும் ரெண்டு பேருக்கும் ஜாக்கெட்தான். வலைத்துணிங்கிறதால வண்டி ஓடும்போது காத்து நெஞ்சு வரைக்கும் வந்து வேர்வையை உலர்த்திரும். பட்டாசு கம்பெனி கேட்டுல மட்டும் கழட்டிக் குடுத்துட்டு, காட்டன் சுடிதாரோட உள்ள போவேன். உராய்ஞ்சா தீப்பொறி வரும்னு அந்தமாதிரி நைலான் துணியை அங்க விடமாட்டாங்க.

ஆடி மாசம் ஒரு நாள் காலையில, ஏழாயிரம்பண்ணைக்கு முன்னாடி ஒரு வளைவு. முன்னால போன ஏதோ லாரியில இருந்து ஜல்லி சிந்திக் கிடந்தது. பார்த்தேன், பிரேக் போடலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்குள்ள முன்சக்கரம் வழுக்கிருச்சு. வானம் ஒரு பக்கம், ரோடு ஒரு பக்கம். இடது கையும் தோளும் தரையில தேய்ஞ்சுக்கிட்டே போற சத்தம் இன்னும் காதுல இருக்கு.

வண்டி நின்னதும், "ஏ புள்ள! ஏ புள்ள!"ன்னு ஒரு குரல். போட்டிருந்த மூக்குக்கண்ணாடி எங்கயோ பறந்துபோக, இவர் தவழ்ந்துகிட்டே என்னைத் தேடி வர்றார். "இங்கனதான் இருக்கேன், ஒங்களுக்கு ஒண்ணுமில்லயே?"ன்னு கேட்டேன். அவர் என் ஜாக்கெட் கையைத் தடவித் தடவிப் பார்த்தார். வலைத்துணி கிழிஞ்சு பேடு வெளிய தெரிஞ்சது. பேடு முழுக்கக் கீறல். ஆனா அது வச்ச இடத்துலயே இருந்துச்சு. உள்ள என் முழங்கை முழுசா இருந்துச்சு. அவருக்கும் அப்படித்தான். உள்ளங்கையில மட்டும் ஒரு சிராய்ப்பு, எனக்குக் கணுக்காலு வீங்கியிருந்துச்சு.

பட்டாசு வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போன வேன் நின்னு, பெண்கள் ஓடி வந்தாங்க. வண்டியைத் தூக்கி நிறுத்தி, கண்ணாடியைத் தேடிக் குடுத்து, தங்களோட தூக்குவாளியில இருந்து தண்ணி குடுத்தாங்க. ஒரு அம்மா கிழிஞ்ச ஜாக்கெட் கையைத் தொட்டுப் பார்த்துட்டு, "இது எங்கன வாங்குனீக? என் மக ஸ்கூட்டியிலதான் வேலைக்குப் போறா, ஊசியாட்டம் இருப்பா. அவளுக்கு இருக்குமா?"ன்னு கேட்டாங்க. "இருக்கும்மா. ஆனா அவளையும் கூட்டிட்டுப் போயி, வண்டில உக்கார வச்சுப் பாத்து வாங்குங்க"ன்னேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து, வீங்கின காலை அவர் மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் குட்டைக் கையை, பெருத்த இடுப்பை எத்தனையோ துணிக்கடைக் கண்ணாடி முன்னாடி நின்னு திட்டியிருக்கேன். இப்பல்லாம் கிளம்பும்போது ஜிப்பை ஏத்திவிட்டு, என் முழங்கையை நானே ஒரு தடவை செல்லமா தட்டிக் குடுத்துக்கிறேன். இத்தனை வருஷமா என்னைச் சுமந்த இந்த உடம்பு மேல எனக்கே ஒரு பிரியம் வந்தது அந்த ஜல்லி ரோட்டுலதான்.