விழுந்த வரிசை

என் கணவர் ரங்கூன் கடையில் மூன்று வருஷ வேலைத் தவணையை முடித்துக்கொண்டு காரைக்குடிக்குத் திரும்பியபோது, அவர் போன பிறகு பிறந்த எங்கள் மகள் நன்றாகப் பேச ஆரம்பித்திருந்தாள். வீட்டில் இருந்த அத்தனை பேரையும் முறை சொல்லிக் கூப்பிடுவாள். பெற்ற தகப்பனை மட்டும் அப்பச்சி என்று கூப்பிடவில்லை. அவர் முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவர் மறுபடி கப்பல் ஏறுவதற்குள் ஒரு தடவையாவது இவள் வாயிலிருந்து அப்பச்சி என்று வந்துவிட வேண்டும் என்பதுதான் எனக்குக் கவலை. அவருக்கும் இருந்திருக்கும். வெளியே சொல்லவில்லை.

அவர் கொண்டுவந்த பெட்டியில் டாமினோ என்றொரு விளையாட்டு இருந்தது. முதுகுப்புறம் கறுப்பு, முகத்தில் வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகள். எங்கள் வீட்டில் அதற்குப் புள்ளிக்கட்டை என்று பெயராகிவிட்டது. கீழே கிடக்கும் கட்டையின் ஓரத்தில் எத்தனை புள்ளியோ, அத்தனை புள்ளி உள்ள கட்டையை அதோடு சேர்த்து வைக்க வேண்டும். கையில் இருப்பதை முதலில் தீர்த்தவர் ஜெயித்தவர். கப்பலில் பொழுது போக இதைத்தான் ஆடினார்களாம். நான் பள்ளிக்கூடம் போனவள். பிள்ளை எண்ணவும் கற்றுக்கொள்வாள், அவரோடும் ஒட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மூன்றுக்கு மூன்று என்று நான் விரல் வைத்துக் காட்டினால் கட்டையை வாயில் வைப்பாள். பிடுங்கினால் அழுவாள். அவள் அழ ஆரம்பித்ததும் அவர் எழுந்து முகப்புக்குப் போய்விடுவார். பெரியவர்கள் நடமாடும் இடத்தில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிக் காட்டவும் முடியாது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஒரு நாள் அவளாகவே கட்டைகளை நட்டமாக நிறுத்தி, முதல் கட்டையைத் தட்டினாள். அது அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, வரிசை முழுவதும் சடசடவென்று படுத்தது. அவள் சிரித்த சிரிப்பு சமையல்கட்டு வரை கேட்டது. விளையாட்டு இப்படி இல்லையம்மா என்று நான் எல்லாவற்றையும் கலைத்து, திரும்பவும் புள்ளியைக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேனோ. அவர்தான், கடையில் அத்தனை பேரை அதிகாரம் செய்கிறவர், வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வரிசை அடுக்கினார். அவர் அடுக்க இவள் தட்ட, அதற்குப் பிறகு தினமும் அதே வேலை. அப்போதும் கூப்பிடவில்லை. விழுந்து முடிந்ததும் என்னிடம் ஓடி வருவாள்.

"அவுகளை அடுக்கச் சொல்லு."

"யாரைடி?"

"அவுகளைத்தான்."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கணவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவுக, அவுக என்றே இவள் காதில் போட்டு வைத்திருக்கிறேன். மறுநாளிலிருந்து வாய் ஓயாமல், அப்பச்சி வாராக, அப்பச்சி சாப்பிட்டாக என்று சொல்லத் தொடங்கினேன். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. ஓரகத்திதான் பார்த்தாள்.

"ஒங்க அப்பச்சி எப்ப வந்தாக? சொல்லியிருந்தா நாங்களும் வாங்கன்னு கேட்டிருப்போம்ல?"

புறப்படும் நாளும் வந்தது. கடல் தாண்டிப் போகிறவர் படி இறங்கும்போது பின்னாலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. எதுவும் விழுந்து சத்தம் கேட்கக் கூடாது. அதற்காகச் சமையல்கட்டில் பாத்திரத்தைக்கூட யாரும் தொடவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையை, திருநீற்றுத் தட்டை எடுத்துவரச் சொன்னார்களே என்று நான் இறக்கிவிட்டேன். அவர் பெரியவர்களிடம் திருநீறு வாங்கிக்கொண்டு வலது காலை வாசற்படிக்கு வெளியே வைத்தார். உள்ளே சடசடவென்று சத்தம் கேட்டது.

"அப்பச்சி, எல்லாம் விழுந்துருச்சு!"

அவருடைய அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார், "உள்ள வந்து உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுப் போப்பா."

மாமியார் என்னிடம் திரும்பினார். "ஒரு பிள்ளையைப் பிடிச்சு வைக்க முடியலையாத்தா ஒன்னால?"

அவர் வந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த செம்பை வாங்கிக் குடித்தார். பிள்ளை கட்டைகளை அள்ளிவந்து அவர் மடியில் கொட்டி, அடுக்குங்க அப்பச்சி, அடுக்குங்க அப்பச்சி என்று நச்சரித்தாள். இத்தனை மாதமாக அந்தச் சொல்லை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ. அவர் ஒரு கட்டையை நிறுத்தினார். பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தினார். வெளியே வண்டி மாடுகள் மணியை ஆட்டிக்கொண்டிருந்தன. ரயிலுக்கு நேரமாகிறது என்று அண்ணன் நினைவுபடுத்தினார்.

அவர் எழுந்தபோது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கி இறுக்கிக்கொண்டு வாயைப் பொத்தினேன். அவர் திரும்பாமல் படி இறங்கினார். அவள் என் வயிற்றில் உதைத்தாள். அந்தச் சொல் என் உள்ளங்கையில் சூடாக முட்டிக்கொண்டே இருந்தது. வண்டி தெருமுனை திரும்பும் வரை கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.