மனுவில் இல்லாத சொல்

கை உடைந்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பத்து வருடம் ஷிப்ட் பார்த்த உடம்பு. அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடும். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இடது கையால் பாத்திரம் துலக்கிவிட்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டைத் தாண்டி கம்பெனி பஸ் எது போனாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

"சும்மா ஒரு எடத்துல குந்தேன். பாக்கறவனுக்குத் தலை சுத்துது" என்பார் என் கணவர்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் செட் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நான் ஒப்பந்தத் தொழிலாளி. மெல்லிய கம்பியின் முனையை பிளாஸ்டிக் கனெக்டரின் ஓட்டைக்குள் செருகவேண்டும். சரியாகப் பொருந்தினால் சின்னதாக ஒரு 'டிக்'. லைன் ஓடுகிற இரைச்சலில் அது காதுக்குக் கேட்காது, விரலில்தான் தெரியும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. புதிதாக வருகிற பெண்களை என் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள்.

அப்படி வந்து நின்றவள்தான் என் தோழி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். மண்ணூரில் இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். முதல் வாரமே சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவைத் திறந்து, "யக்கா, இதையா குழம்புன்னு சொல்லுதிய?" என்று கேட்டவள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம்.

விபத்து நடந்த அன்று காலை ஷிப்ட். ஒரகடம் கூட்டுரோட்டில் லாரிகள் தேங்கி நின்றதால் பஸ் தாமதம். பெரிய சாலையை விட்டு கம்பெனிச் சாலைக்குத் திரும்பியதுமே நாங்கள் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டோம். அது தினமும் நடப்பதுதான். கேட்டில் விரல் வைக்கிற மெஷினுக்கு முன்னால் நாலைந்து பஸ் கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கும். முதலில் இறங்கி ஓடினால்தான் லேட் விழாது. டிரைவருக்கும் அதே கதை. வண்டி தாமதமானால் பஸ் முதலாளியான கான்ட்ராக்டர் அவரைக் கேட்பார். அதனால் அந்தக் கடைசித் தூரத்தில் அவர் மிதிப்பார். நாங்களும், "ண்ணா, சீக்கிரம் ண்ணா" என்போம். அன்றைக்கும் சொன்னோம். நான்தான் சொன்னேன்.

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி மூக்கை நீட்டியது. பிரேக் சத்தம் கேட்டது நினைவிருக்கிறது. பஸ் நடுத்திட்டில் ஏறி நின்றபோது நான் படிக்கட்டுப் பக்கத்து இரும்புக் கம்பிக்குக் கீழே கிடந்தேன். என் வலது முழங்கை இருக்கவேண்டிய திசையில் இல்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த தோழி துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு என் பெயரைச் சொல்ல முயன்றாள். சொல்ல வரவில்லை. முன்பற்கள் மூன்று போய், மேலுதடு கிழிந்திருந்தது.

எனக்கு முழங்கையில் பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது. நரம்பு சேரவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனது போனதுதான். மற்ற விரல்களின் பிடியும் தளர்ந்திருந்தது. ஆறு மாதம் கழித்து கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் தண்ணீரெல்லாம் கொடுத்து உபசரித்தார். பிறகு ஒரு கனெக்டரைக் கொடுத்துச் செருகச் சொன்னார். பொருந்தியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அவர் வாங்கி லேசாக இழுத்தார். கம்பி கையோடு வந்துவிட்டது.

"சொல்லி அனுப்பறோம்மா" என்றார். அதன் பிறகு கேட்டில் என் அடையாள அட்டை வேலை செய்யவில்லை.

கணவர்தான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வக்கீலைப் பிடித்தார். தோழியின் வழக்கையும் அவரிடமே கொடுத்தோம். ஒரே விபத்து, நஷ்டஈடு கேட்டு இரண்டு மனு. பஸ் முதலாளி மீதும் இன்சூரன்ஸ் கம்பெனி மீதும். அதற்குப் பிறகு நான் நடந்த நடை கொஞ்சமல்ல. போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியில் காயச் சான்று, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு. ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் போட்டு இடது தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அலைந்தேன். போகிற இடத்தில் காத்திருக்கச் சொன்னால் என்னால் பெஞ்சில் உட்கார முடியாது. எழுந்து நடப்பேன். ஒரு முறை ரெக்கார்டு அறை ஊழியர், "யம்மா, நீ நடக்கறத பாத்தா எனக்கு பிபி ஏறுது, இந்தா" என்று நகலை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்தார்.

ஊனம் எவ்வளவு என்று சொல்ல மருத்துவக் குழு முன்னால் போகவேண்டியிருந்தது. அங்கே நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டாக்டர் ஒரு சட்டையைக் கொடுத்து வலது கையால் பட்டன் போடச் சொன்னார். எனக்குள் எங்கிருந்தோ ஒரு ரோஷம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாப் பட்டனையும் சரசரவென்று போட்டுக்காட்டினேன். வெளியே இதைக் கேட்ட வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லவேளையாக டாக்டர் அதோடு விடவில்லை. கண்ணை மூடச் சொல்லி, மரத்த விரல்களில் எதையோ வைத்து என்னவென்று கேட்டார். "ஒண்ணும் இல்லியே சார்" என்றேன். கண்ணைத் திறந்தால் ஒரு சாவி.

வழக்கு விசாரணைக்கு வந்தது. எங்கள் தரப்பு சாட்சியத்தை முதலில் எழுத்தில் கொடுக்கவேண்டும், பிறகு எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும் என்று வக்கீல் விளக்கினார். தட்டச்சு செய்த தாள்களைக் கையெழுத்துக்கு நீட்டினார். தோழி படிக்காமலே போட்டாள். நான் படித்தேன். 'மனுதாரர் மேற்படி பேருந்தில் இருக்கையில் அமர்ந்து பயணித்தபோது' என்று இருந்தது.

"சார், நாங்க நின்னுகினு இருந்தோம்" என்றேன்.

வக்கீல் பேனாவை மூடினார். "வண்டி நிக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சது உன் தப்புன்னு இன்சூரன்ஸ்காரன் சொல்வான்மா. அதுக்குன்னு ஒரு பங்கு கழிப்பான். எதுக்கு அவனுக்கு நாமளே எடுத்துக் கொடுக்கணும்?"

"இருந்தாலும்…"

"சரி, அந்த வார்த்தையே வேணாம்." 'இருக்கையில் அமர்ந்து' என்பதை அடித்துவிட்டுப் புதிதாக அச்செடுக்கச் சொன்னார். என் தாளில் வெறுமனே 'பயணித்தபோது' என்று ஆனது. தோழியின் தாள் அப்படியே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பையின் வாரைச் சரிசெய்தேன். மாற்றச் சொல் என்று அவளிடம் சொல்லவில்லை. நிச்சயமாகி நின்றுபோன கல்யாணம் அவளுக்கு. மாப்பிள்ளை வீட்டார் பற்களைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பல் கட்ட அந்தப் பணம் வேண்டும். அவளிடம் எதைச் சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர். விபத்துக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஆரஞ்சுப் பழப் பையை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றார். கான்ட்ராக்டர் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டாராம். லைசென்ஸும் கையில் இல்லை.

"கை எப்பிடி கீது தங்கச்சி?"

"கீது ண்ணா."

"நீங்கள்லாம் எந்திரிச்சி நின்னுகினு இருந்தீங்கன்னு சொல்லிடும்மா. அது நெஜம்தான? அத்தச் சொன்னா கான்ட்ராக்டர் திரும்ப சேத்துக்கறேன்றான்."

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓட்னது நீ. இடிச்சது நீ. இப்ப தப்பு இவ மேலயா?"

"நான் ஸ்பீடா வந்தேன். இல்லேன்னு சொல்லல" என்றார் டிரைவர். "லேட்டானா எனுக்கு இன்னா நடக்கும்னு தங்கச்சிக்குத் தெரியும்."

தெரியும். அவர் போன பிறகு அந்தப் பழங்களை யாரும் தொடவில்லை. மகள் மட்டும் ஒன்றை எடுத்து உரித்தாள். "ஏம்மா யாரும் துன்னல?" என்று கேட்டாள். நான் வெளியே போய்த் தெருக்கோடி வரை நடந்து, திரும்பி, மறுபடி நடந்தேன். வக்கீல் சொல்லச் சொல்வது பொய், எனக்கு நல்லது. டிரைவர் சொல்லச் சொல்வது உண்மை, ஆனால் பாதி உண்மை. இரண்டு பேரும் என் வாயிலிருந்து ஒரு சொல்லைத்தான் கேட்கிறார்கள்.

கோர்ட்டில் தோழியை முதலில் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்துதான் வந்தேன் என்று சொன்னாள். புதிதாகக் கட்டிய தற்காலிகப் பற்களால் அவளுக்கு 'ச' சரியாக வரவில்லை. இன்சூரன்ஸ் வக்கீல் அதிகம் கேட்கவில்லை. அடுத்தது நான்.

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்தம்மா சாட்சியத்துல இருக்கையில அமர்ந்துன்னு இருக்கு. உங்க சாட்சியத்துல அந்த வார்த்தை இல்லையே. நீங்க நின்னுகிட்டு வந்தீங்களா?"

எங்கள் வக்கீல் கூரையைப் பார்த்தார்.

"ஆமா சார். நின்னுகினு இருந்தேன்."

"வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே எழுந்துட்டீங்க."

"ஆமா சார். கேட்டுல லேட் விழுந்துடும்னு எந்திரிச்சேன். டிரைவரும் அதுக்குத்தான் வேகமா வந்தாரு. சீக்கிரம் போங்கன்னு நானும் சொன்னேன். தினமும் அப்பிடித்தான்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

நீதிபதி ஒரு பெண். "அவங்க சொல்லட்டும்" என்றார். பிறகு என்னிடம், "தினமும்னா? கம்பெனிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கேட்டுல நாங்க ஓடறத செக்யூரிட்டில இருந்து எல்லாரும் பாக்கறாங்கம்மா."

நீதிபதி சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்சூரன்ஸ் வக்கீல் இன்னும் உட்காரவில்லை.

"உங்க பின்னாடி இருந்த அந்தம்மாவும் நின்னுகிட்டுதானே இருந்தாங்க?"

அறையின் கடைசியில் அவள் துப்பட்டா நுனியால் உதட்டை மூடிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் என் தோளுக்குப் பின்னால் அவள் நின்றதும், என் பின்னலை இழுத்து ஏதோ கேலி செய்ததும், அவள் மூச்சு என் கழுத்தில் பட்டதும் எனக்குத் தெரியும்.

"நான் படிக்கட்டு பக்கம் பாத்துகினு இருந்தேன் சார். பின்னாடி தெரியாது" என்றேன்.

வெளியே வந்ததும் அவள் நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவ்வளவு கோபத்தையும் எதிர்பார்க்கவில்லை. கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை முன்னால் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க நின்னேன்னு சொல்லணும்னா எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்லா? இப்ப நீங்க நல்லவிய. நான் பொய்க்காரி. அதுக்கு மேல எனக்காவ நீங்க ஒரு பொய் வேற சொல்லுதிய. யார் கேட்டா உங்ககிட்ட?"

அவள் பிடித்திருந்தது என் வலது கையை. மரத்த விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள் என்பது பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்ட அன்றே அவளைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசியிருக்கவேண்டும். என் தாளை மட்டும் திருத்திக்கொண்டு நான் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

தீர்ப்பு வர இன்னும் பல வாய்தாக்கள் ஆயின. இரண்டு மனுவுக்கும் ஒரே தீர்ப்பு. டிரைவரின் வேகம்தான் முக்கியக் காரணம் என்றும், என் கவனக்குறைவுக்காக எனக்குரிய தொகையில் ஒரு பகுதியைக் கழிப்பதாகவும் இருந்தது. தோழிக்குக் கழிக்கவில்லை. ஆட்களை அவசரப்படுத்தும் ஏற்பாட்டைப் பற்றியும் நீதிபதி நாலு வரி எழுதியிருந்தார். "இதுக்கெல்லாம் யாருக்கும் தண்டனை கிடையாதும்மா, ஆனா எழுதியிருக்காங்க பாரு" என்று வக்கீல் அந்தப் பக்கத்தைக் காட்டினார். என் மீதிருந்த வருத்தம் அவருக்குப் போய்விட்டது போலிருந்தது. வீட்டில் கணவர் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள், "நான் அங்க நின்னிருந்தா இன்னா சொல்லியிருப்பேனோ, தெர்ல" என்றார்.

டிரைவரை கான்ட்ராக்டர் திரும்பச் சேர்க்கவில்லை. கிரிமினல் வழக்கில் அபராதம் கட்டி முடித்துவிட்டு இப்போது வேறெங்கோ பள்ளி வேன் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு சின்ன கம்பெனியில் பாகங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. விரல் அவ்வளவாகத் தேவையில்லை.

தோழி பற்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. சில மாதம் கழித்து, நான் வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மாலை, போன் வந்தது. ஊர்க்கதை பேசினாள். மாப்பிள்ளை நல்ல மாதிரி என்றாள். 'ச' சுத்தமாக வந்தது.

"யக்கா, அன்னைக்கு அந்த வக்கீல் என்னைத் திரும்பக் கூண்டுல ஏத்தியிருந்தா நானும் நின்னேன்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க நம்புதியளா?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "பெறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள். நம்புகிறேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை. நான் இரண்டு மூன்று முறை அவள் எண்ணை எடுத்து, அழுத்தாமல், போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்திருக்கிறேன்.