கெட்டிமேளத்துக்கு எத்தனை வாட்ஸ்?

தை மாதத்து டெல்லியில் விடியற்காலையில் போன் அடித்தால் ஒன்று ரயில் லேட்டாக இருக்கும், இல்லையென்றால் யாருடைய ஆம்ப்ளிஃபையராவது படுத்திருக்கும். அன்று இரண்டும் சேர்ந்தே வந்தன.

"முத்துக்குமார், ஆர்.கே.புரம் கணேசன் பேசறேன். இன்னிக்கு எங்க பொண்ணு நித்யா கல்யாணமோன்னோ, மேளக்காரா வர்ற ரயில் மதுராகிட்ட பனியில நின்னுண்டிருக்கு. முகூர்த்தத்துக்கு வந்து சேர மாட்டா. சரி, நம்ம சிஸ்டத்துல நாதஸ்வரம் போட்டுக்கலாம்னு பாத்தா, வால்யூம் ஏத்தினா டக்குனு நின்னு போயிடறது. கொஞ்சம் வரேளா?"

கல்யாணப் பத்திரிகை எனக்கும் வந்திருந்தது. நிதானமாகக் குளித்து, சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நிற்பதாகத்தான் என் திட்டம். கடைசியில் குளிக்காமல், குரங்குக் குல்லாயும் டூல் பையுமாக, கிட்வாய் நகரிலிருந்து பனிக்குள் ஸ்கூட்டரை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போனேன்.

டெல்லியில் மேளக்காரர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். தை முகூர்த்த நாளில் அவர்கள் எல்லோரும் வேறு யாராவது ஒருவர் கல்யாணத்தில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். கணேசன் சார் அத்தனை பேருக்கும் போன் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். அந்த வரிசையில் நான் கடைசி என்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

வாடிக்கையாளர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு ஓர் உண்மை. ஹை-ஃபை ரிப்பேர்காரனுக்குச் சோறு போடுகிறவர்கள் சத்தமாகக் கேட்கிறவர்கள்தான். மெதுவாகக் கேட்கிறவர் எதையும் எரிப்பதில்லை. அவர் நல்ல மனிதர், நமக்கு உபயோகமில்லாதவர்.

கணேசன் சார் சத்தமாகக் கேட்க ஆசைப்படுகிற, ஆனால் அனுமதி கிடைக்காத வகை. மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரி. அலுவலகத்தில் அவர் கையெழுத்துக்காக ஃபைல்கள் காத்திருக்கும். வீட்டில் வால்யூம் குமிழைத் திருப்ப அவர் காத்திருக்க வேண்டும், மனைவி பத்மா மாமி கோயிலுக்குக் கிளம்பும் வரை. எனக்குத் தெரிந்து இத்தனை வருஷத்தில் நான் அங்கே சர்வீஸுக்குப் போய்க் கொஞ்சம் ஏற்றி டெஸ்ட் செய்த போதெல்லாம் சமையலறையிலிருந்து ஒரே குரல்தான் வரும். "முத்து, அவர்தான் அப்படின்னா நீங்களுமா?"

அன்று வாசலில் என்னை மறித்தவர் அதே பத்மா மாமி. மடிசாரின் மேல் கம்பளி ஸ்வெட்டர் போட்டு, கையில் சந்தனப் பேலாவோடு நின்றார்.

"முத்து, எவ்ளோ சத்தம் வருமோ அவ்ளோ வேணும். கொஞ்சம்கூடக் குறைக்கப்படாது."

குல்லாயை இறக்கிக் காதை வெளியே எடுத்து, இன்னொரு தடவை கேட்டுக்கொண்டேன்.

"போன நிச்சயதார்த்தம் ஞாபகம் இருக்கா? லக்னப் பத்திரிகை வாசிக்கறச்சே யாரோ தும்மினா. கூடம் முழுக்கக் கேட்டுது. அந்தச் சம்பந்தம் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும். இன்னிக்குத் தாலி கட்டறச்சே ஒரு தும்மல் யார் காதுலயும் விழப்படாது."

உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்த நித்யா அங்கிருந்தே பதில் சொன்னாள். டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண். "அம்மா, அந்தப் பையனுக்கு கனடால ஏற்கெனவே ஒரு கேர்ள் ஃப்ரெண்ட் இருந்தா. தும்மல் போய் அவன்கிட்ட சொல்லல, அச்சா?"

"நீ தலையை ஆட்டாம உக்காரு."

கெட்டிமேளம் எதற்கு என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தாலி ஏறும் நேரத்தில் அழுகை, தும்மல், யாராவது வாய்தவறிச் சொல்லும் ஒரு கெட்ட வார்த்தை, எதுவும் காதில் விழக்கூடாது. அதற்காகத்தான் அந்த ஒரு நிமிஷம் தவிலை அப்படிப் போட்டு அடிக்கிறார்கள். அது சங்கீதம் இல்லை, சுவர்.

அந்தச் சுவர் ரயிலில் மாட்டிக்கொண்டிருந்தது. கூடத்திலோ, புகையும் பனியும் கலந்த டெல்லிக் காற்றைக் குடித்துக் குடித்து ஜலதோஷம் பிடித்த இரு வீட்டு உறவினர்கள். நான் டூல் பையைத் திறப்பதற்குள்ளேயே நான்கைந்து தும்மல்கள் கேட்டுவிட்டன. மாப்பிள்ளையின் பெரியப்பா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தும்மலுக்கும் பத்மா மாமியின் தோள் ஒரு முறை குலுங்கியது.

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தத் தோளைப் பார்த்த பிறகு, இந்த சிஸ்டம் இன்று நிற்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

நான்கு ஸ்பீக்கர்

சிறிய கல்யாணம். தரைத்தள குவார்ட்டர்ஸின் கூடத்தில் சோபாவையெல்லாம் வெளியேற்றி மணை போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு வெளியே புல்தரையில் ஷாமியானாப் பந்தல். ஆம்ப்ளிஃபையர் அதன் பழைய அலமாரியிலேயே இருந்தது. கணேசன் சாரின் இரண்டு உயரமான ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் அந்நியமாக இன்னும் இரண்டு நின்றன.

"என்னோடதுதான் முத்து சார்," என்றார் சந்துரு. மாமியின் தம்பி, கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன், குர்கான்வாசி. "ராத்திரியே கார்ல தூக்கிண்டு வந்துட்டேன். நாலு இருந்தா டபுள் சவுண்டு இல்லையா? அதே டெர்மினல்ல சேத்து முறுக்கிட்டேன்."

நோய் தெரிந்துவிட்டது. ஒரே ஆம்ப்ளிஃபையரின் ஒரே முனையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கரைக் கட்டினால் கரண்டைத் தடுக்கும் லோடு இம்பிடன்ஸ் பாதியாகிவிடும். மெதுவாகப் பாடும் வரை ஒன்றும் தெரியாது. குமிழை ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் தாங்க முடியாத கரண்டைக் கொடுக்க வேண்டி வரும். உடனே ப்ரொடெக்‌ஷன் ரிலே, அதாவது காவல் சுவிட்ச், 'டக்' என்று விழுந்து, மொத்தமும் மௌனம். ஒரே பரிமாறுகிறவரை ஒரே நேரத்தில் இரண்டு பந்திக்கு ஓடவிட்டால், அவர் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார் அல்லவா, அது மாதிரி.

"இந்த ரெண்டையும் கழட்டணும் சார்," என்றேன்.

"என்ன சார் சொல்றேள்? சத்தம் பத்தலைன்னு உங்களைக் கூப்பிட்டா, இருக்கறதுல பாதியை எடுக்கறேங்கறேள்?"

"பாதியை எடுத்தாத்தான் முழுசா பாடும்."

"இது என்ன வேதாந்தமா?"

கூடத்தில் இருந்த எல்லோரும் இப்போது ஆடியோ எஞ்சினியர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர் செல்போனை டம்ளருக்குள் வைத்தால் சத்தம் கூடும் என்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, தும்மினார். கணேசன் சார் என்னையும் மச்சினரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த ஃபைலில் கையெழுத்துப் போடுவது என்று அவருக்கு விளங்கவில்லை.

பத்மா மாமிதான் தீர்ப்புச் சொன்னார். "சந்துரு, நீ கொண்டுவந்தது பாசத்துல. இவர் சொல்றது தொழில்ல. இன்னிக்கு எனக்குத் தொழில் போறும். தூக்கு."

தாய்மாமன் தன் பாசத்தை ஒவ்வொன்றாகக் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். சீர் திரும்பிப் போவது போல இருந்தது அந்தக் காட்சி.

அடுத்து நான் செய்ததை என் வாடிக்கையாளர்கள் யாரும் படிக்காமல் இருந்தால் நல்லது. ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள், அடிக்குரலான பாஸ் குழம்பிவிடும் என்று ஊரெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். அன்று இரண்டையும் நானே இழுத்து இரண்டு மூலைகளிலும் ஒட்டி வைத்தேன். மூலையில் வைத்தால் பாஸ் வீங்கும். எங்களுக்கு அன்று வேண்டியது வீங்கிய தவில்தான்.

பிறகு ஒரு டேபிள் ஃபேன் கேட்டேன். பற்கள் கிட்டிப்போகும் குளிரில் ஃபேன் கேட்டவனை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். முழு வால்யூமில் ஆம்ப்ளிஃபையர் அடுப்பு மாதிரி கொதிக்கும். சூட்டுக்கும் ப்ரொடெக்‌ஷன் விழும். பரணிலிருந்து ஃபேன் வந்தது. அதன் காற்று ஆம்ப்ளிஃபையரைக் கடந்து நேராகச் சந்துருவின் மேல் வீசியது. அது தற்செயல்தான்.

பாட்டு ஒரு பென் டிரைவில் இருந்தது. போனிலிருந்து புளூடூத்தில் போடலாம் என்றார்கள். முடியாது என்றேன். தாலி கட்டும் நேரத்தில் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டு எவளாவது கூப்பிட்டால் என்ன செய்வது?

டெஸ்ட் செய்தேன். குமிழைப் பாதி திருப்பினேன். நிற்கவில்லை. முக்கால். நிற்கவில்லை. ஷோகேஸில் இருந்த வெள்ளி டம்ளர்கள் நடந்து ஓரத்துக்கு வந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு வாசல் மணி கேட்கவில்லை. நான் குறைத்த பிறகுதான் கேட்டது. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மேல் வீட்டு சர்மாஜி நின்றார்.

மாமியின் முகம் வெளிறிவிட்டது. கணவரின் பாட்டுக்காக இந்த மனிதரிடம் அவர் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

"பாய் சாப், சாரி," என்று ஆரம்பித்தார். "ஷாதி ஹை நா, பேண்ட்வாலா நஹி ஆயா..." கல்யாணம், மேளக்காரர் வரவில்லை என்று.

சர்மாஜி கையைக் காட்டி நிறுத்தினார். கல்யாணத்துக்குப் போய் யாராவது சத்தத்தைக் குறைப்பார்களா என்று ஹிந்தியில் அதட்டினார். தன் மகன் கல்யாணத்தில் டி.ஜே. போட்டபோது இந்த வீட்டு ஜன்னல் எப்படி ஆடியது, மறந்துவிட்டதா என்றார். கடைசியில் என்னைப் பார்த்து, "பையா, ஃபுல் கரோ!" என்று சொல்லிவிட்டு, குளித்துவிட்டு வருவதாகப் படியேறிப் போனார்.

வாத்யாரின் விரல்

கல்யாணம் செய்துவைக்கும் வாத்யாரிடம் பேசி வைத்துக்கொண்டேன். அவர் ஆள்காட்டி விரலை ஆட்டினால் நான் ஏற்ற வேண்டும். கையை மூடினால் இறக்க வேண்டும். அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். எதிரே மணையில் நித்யா. அவளுக்குப் பின்னால் மாமி. குல்லாயைக் கழற்றிவிட்டேன். அன்று தவில் நான்தான், தவில்காரர் குரங்குக் குல்லாய் போட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பெரியப்பாவின் மூக்கு விடைக்க ஆரம்பித்தது. வாத்யாரின் விரல் எழுந்து ஆடியது.

திருப்பினேன். பாதி, முக்கால். தவில் நெஞ்சில் வந்து இடித்தது. யாரோ அட்சதையோடு வாயைத் திறந்து ஏதோ சொன்னார், உதடு மட்டும் தெரிந்தது. பெரியப்பா குனிந்து, குலுங்கி, நிமிர்ந்தார். மியூட்டில் போட்ட டி.வி. மாதிரி, சத்தமே இல்லை. முதல் முடிச்சு விழுந்தது. ஆம்ப்ளிஃபையர் மேலிருந்து சுட்ட தூசியின் வாசனை வந்தது. என் காது ரிலேயின் அந்த ஒரு 'டக்'குக்காகக் காத்திருந்தது.

மாப்பிள்ளையின் தங்கை இரண்டாவது முடிச்சுக்குக் கையை நீட்டினாள்.

அப்போது பத்மா மாமியின் கண்கள் மூடின. தலைப்பு மூக்குக்குப் போவதற்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது. உடம்பு மொத்தமும் ஒரு தூக்குத் தூக்கி இறங்கியது. சந்தேகமே இல்லாத, பெரிய, முழுத் தும்மல்.

கண்ணைத் திறந்தார். அவர் பார்வை கூடத்தைத் தாண்டி நேராக என் மேல் வந்து நின்றது. அப்படி ஒரு பயத்தை நான் எந்த வாடிக்கையாளர் முகத்திலும் பார்த்ததில்லை.

இதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஏற்றினால் சிக்னல் தலை வெட்டுப்பட்டு கிளிப் ஆகும், கீச்சுக் குரலுக்கான சின்ன ஸ்பீக்கர், அந்த ட்வீட்டர், எரியும். கடைசி வரை திருப்பினேன். மூன்றாவது முடிச்சு விழுந்து, வாத்யார் கையை மூடும் வரை என் விரல் குமிழிலிருந்து எழவில்லை.

நிற்கவில்லை, பாருங்கள்.

பிறகு ஊஞ்சல் பாட்டு போட்டபோதுதான் வலது ட்வீட்டர் இறந்துபோயிருந்தது தெரிந்தது. கணேசன் சாரிடம் சொன்னேன். அவர் அட்சதை ஒட்டிய தலையோடு, "அப்படி ஒரு தடவை கேட்டேனே, அது போறும்," என்றார்.

பந்தியில் பத்மா மாமியே ஜாங்கிரித் தட்டோடு என் இலைக்கு வந்தார். பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து போகும் வரை ஏதோ பரிமாறுவது போல நின்றார்.

"முத்து, அப்போ... ஏதாவது கேட்டுதா?"

"என்ன கேக்கறது மாமி? தவிலுக்கு அந்தப் பக்கம் குண்டு போட்டிருந்தாக்கூட ஒருத்தருக்கும் கேட்டிருக்காது."

"நீங்க என்னையே பாத்துண்டிருந்தேளே."

"நான் வாத்யார் விரலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மாமி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலையிலிருந்து ஏறியிருந்த தோள் அப்போதுதான் இறங்கியது. இரண்டு ஜாங்கிரி வைத்துவிட்டு, வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அடுத்த பந்திக்குப் போனார்.

தம்பிகளே, இம்பிடன்ஸ், வாட்ஸ் எல்லாம் ஒழுங்காகப் படித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சோறு இல்லை. ஆனால் சத்தம் போதவில்லை என்று ஒருவர் வந்தால், எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். பதில் நியாயமாக இருந்தால் முழுக்கத் திருப்புங்கள். ட்வீட்டர் கடையில் கிடைக்கும்.