ரொலாந்தின் கதவுப் பாட்டு

ரொலாந்த் பெலான்ஜேவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது கியூபெக்கின் மத்தான் ஊர் இறால் ஆலையில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷமாக மூன்றாம் பெல்ட்டின் தலைமாட்டில் நிற்கிறவள். வெந்து, உரிந்து, பெல்ட்டில் ஊர்ந்து வருகிற இறாலில் ஒட்டியிருக்கும் ஓட்டுத் துணுக்கைப் பொறுக்கி எடுப்பது கைக்கு வேலை. வாய் சும்மா இருக்குமா? அவள் ஒரு வரி எடுத்துக் கொடுப்பாள், மற்ற பதினோரு பேரும் அதைத் திருப்பிச் சொல்வார்கள். ஆற்றோரத்து ஊர்களில் கல்யாணத்திலும் கிறிஸ்துமஸ் விருந்திலும் பாடுகிற அதே முறைதான். ஆலையில் இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்த வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேஸ்திரியின் வழுக்கை, பாதிரியாரின் புதுக் கார், பெல்ட்டில் பக்கத்தில் நிற்கிற லொரெத்தின் மாமியார் என்று எது கிடைத்தாலும் ரொலாந்த் அதைப் பாட்டாக்கிவிடுவாள். யாரும் எழுதி வைப்பதில்லை. இது நான் கட்டினது என்று சொல்லிக்கொள்ளும் வழக்கமும் இல்லை. சொல்லிப் பாருங்கள், 'பெரிய மனுஷி வந்துட்டா' என்று ஒரு வாரத்துக்கு ஓட்டித் தள்ளிவிடுவார்கள்.

அவளுடைய பாட்டுகளில் ஒன்று மட்டும் சிரிப்புக்குக் கட்டியதல்ல. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி மாதம், அவள் புருஷன் ஃபெர்னான் ஒரு பெட்டியையும் காப்பிப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். ரிமூஸ்கி என்ற ஊரில் ஒருத்தி காத்திருந்தாள். வெளியே மைனஸ் இருபத்தேழு. போகிறவன் கதவைச் சாத்திவிட்டாவது போயிருக்கலாம், அதற்குக்கூட அந்த மகராசனுக்குக் கை வரவில்லை. சமையலறையில் நின்ற ரொலாந்துக்கு முதலில் வந்தது அழுகையல்ல. அடுப்பு தெருவுக்கு எரிகிறதே என்ற நினைப்புதான் வந்தது. போய்க் கதவைச் சாத்தினாள். அழுகை நாலு நாள் கழித்து, அவனுடைய ஒற்றைக் காலுறையைத் துவைக்கும்போது வந்தது.

குளிர்கால அடைப்பு முடிந்து ஏப்ரலில் ஆலை திறந்தது. முதல் நாளே பெல்ட்டில் எடுத்துக் கொடுத்தாள்:

போனவன் போகட்டும், கதவைச் சாத்து,
வீட்டுச் சூடு வெளியே போகுது.

விஷயம் எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. வழக்கத்தைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள், அதுதான் அவர்கள் சொன்ன ஆறுதல்.

அந்த வருஷம் ஜூனில் விடுமுறை வேலைக்கு மார்ஜொலென் என்று ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். பையில் எப்போதும் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "மதாம், அந்தக் கதவுப் பாட்டு யாரோடதுங்க?"

நாலு மாதப் புண். அதைப் பத்தொன்பது வயசுப் பெண்ணிடம் பிரித்துக் காட்டவா முடியும்? "அதுவா? ரொம்பப் பழசும்மா. எங்கம்மா காலத்துக்கும் முந்தினது" என்றாள் ரொலாந்த். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போனது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்து அவரவர் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டார்கள். மார்ஜொலென் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அந்த மார்ஜொலென் பிறகு மொன்ட்ரியாலுக்குப் போய் நாலு நாவல் எழுதினாள். இந்த வருஷம் மே மாதம், கியூபெக் முழுக்கத் தெரிந்த ஒரு பாடகி புதிதாக ஓர் ஆல்பம் கொண்டுவந்தாள். அதன் பெயர் 'எங்கள் வாயால்'. பத்துப் பாட்டு, எழுதியவர்கள் பத்துப் பேரும் பெண்கள். எல்லாம் பெண்ணாய்ப் பிறந்த பெருமையைப் பற்றியவை. எழுதியவர்கள் நாவலாசிரியைகள், நாடகம் எழுதுகிறவர்கள், பத்திரிகைக்காரிகள். அவர்களில் மார்ஜொலெனும் ஒருத்தி.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆலைச் சாப்பாட்டு அறை ரேடியோவில் அவள் பாட்டு வந்தது. குளிர்ந்த கைகள், ரப்பர் பூட்ஸ், பெல்ட்டுக்கு முன்னால் நிற்கிற பெண்கள் என்று போய், வயலின்கள் ஏறி, பல்லவியில் வந்து நின்றது. போனவன் போகட்டும், கதவைச் சாத்து. லொரெத்தின் கையில் கரண்டி பாதி வழியில் நின்றது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: பல்லவி மட்டும் இந்தக் கரையோரத்துப் பழைய நாட்டுப்பாட்டு, கட்டியவர் யாரென்று தெரியாது.

லொரெத் மெதுவாகத் திரும்பினாள். "ஏண்டி, உன்னை எப்போ புதைச்சாங்க? எனக்குச் சொல்லி அனுப்பலையே."

எல்லோரும் சிரித்தார்கள், ரொலாந்தும்தான். ஆனால் மதியத்துக்கு மேல் அவள் ஒரு வரிகூட எடுத்துக் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் அவள் தானாகச் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டென்றால் அது அந்த இரண்டு வரி. அதை நாடே பாடுகிறது, அவள்தான் அதில் இல்லை. கோபத்தைக் காட்டவும் ஆள் கிடையாது, தன்னை இல்லாமல் செய்தவளே அவள்தான்.

"போன் பண்ணுடி" என்றாள் லொரெத், கார் நிறுத்துமிடத்தில்.

"என்னன்னு? அன்னிக்குப் பொய் சொன்னேன்னா? அந்தப் பொண்ணு நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கா."

"பொய் சொல்ல வாய் இருந்துச்சில்ல? அதே வாயால உண்மையைச் சொல்லு."

"சொன்னா ஃபெர்னான் போன கதையையும் சொல்லணும்."

"அது ஊருக்கே தெரியுமேடி. ஊருக்குத் தெரியும்னு தெரியாதவன் ஃபெர்னான் ஒருத்தன்தான்."

ஜூன் முதல் சனிக்கிழமை மார்ஜொலென் ஊர் நூலகத்துக்கு வருகிறாள் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் பெல்ட் மொத்தமும் போனது. எதற்கென்று யாரும் ரொலாந்திடம் கேட்கவில்லை. அவளை நடுவில் உட்காரவைத்தார்கள், எழுந்து ஓடிவிடக் கூடாதே.

மார்ஜொலெனுக்கு முப்பத்தெட்டு வயசாகியும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுகிற பழக்கம் மட்டும் மாறவில்லை. இசைத்தட்டைப் போட்டுக் காட்டினாள். பிறகு பல்லவியைப் பற்றிப் பேசினாள், மனசாரத்தான் பேசினாள். "அந்தப் பொம்பளை யாருன்னு நமக்குத் தெரியவே போறதில்ல. நூறு வருஷம் முந்தி இந்தக் கரையில ஒரு வாசல்ல நின்னிருப்பா. அன்னிக்கு அவ எவ்வளவு இழந்தான்னு யாரால சொல்ல முடியும்?"

"ரெண்டு டிகிரி" என்றாள் ரொலாந்த்.

உட்கார்ந்தபடிதான் சொன்னாள். நாற்பது தலைகள் திரும்பின. வேறு வழியில்லாமல் எழுந்து நின்றாள்.

"வீட்டுல ரெண்டு டிகிரி சூடு குறைஞ்சுது, அவ்வளவுதான். நானே பார்த்தேன். பிப்ரவரி மாசம், ஃபெர்னான் கதவைத் திறந்துபோட்டுட்டுப் போயிட்டான். அந்தப் பாட்டு நான் கட்டினது. அன்னிக்கு நீ கேட்டப்போ பொய் சொல்லிட்டேம்மா. வெக்கமா இருந்துச்சு."

மார்ஜொலென் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், "இப்ப யார் வேணா என்னுதுன்னு சொல்லலாம்" என்றார். மெல்லச் சொல்வதாக நினைப்பு, காது மந்தமானவரின் குரல், அறை முழுக்கக் கேட்டது.

லொரெத் எழப் பார்த்தாள். ரொலாந்த் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். அந்தப் பாட்டுக்கு இன்னும் இரண்டு வரி உண்டு. பெல்ட்டில் ஒருநாளும் எடுத்துக் கொடுத்ததில்லை, கொடுத்தால் குரல் உடையும் என்று பயம். இப்போது கொடுத்தாள். உடையத்தான் உடைந்தது.

சாத்தின பிறகுதான் தெரிஞ்சுது எனக்கு,
கையும் என்னுது, கதவும் என்னுது.

பதினோரு பேரும் அந்த வரிகளைக் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆனால் ரொலாந்த் எடுத்துக் கொடுத்தால் திருப்பிச் சொல்வது அவர்கள் வாய்க்குப் பழகிய காரியம். ஒருத்திகூடத் தயங்கவில்லை. நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே, இயந்திரத்தை மிஞ்சிப் பழகிய பதினோரு தொண்டை அதைத் திருப்பிச் சொன்னது. முன்வரிசைப் பெரியவர் இரண்டாம் தடவை தானும் சேர்ந்துகொண்டார்.

மார்ஜொலென் இறங்கி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆல்பத்தின் அட்டையில் 'பழைய நாட்டுப்பாட்டு' என்ற வரியைப் பேனாவால் அடித்தாள். "இதை இனிமே அச்சடிக்கிறதுல எல்லாம் மாத்தச் சொல்றேன். ஒருத்தர் விடாமச் சொல்றேன். எந்தப் பேருங்க போடணும்? மதாம் ஃபெர்னான்னுதானே உங்களை எல்லாரும்..."

"பெலான்ஜேன்னு போடு" என்றாள் ரொலாந்த். "ரொலாந்த் பெலான்ஜே. பொறந்தப்போ வெச்ச பேரு."

அடுத்த இரண்டு வாரம் பெல்ட்டில் அவளைச் சும்மா விடவில்லை. கையுறையில் கையெழுத்துக் கேட்டார்கள். எழுத்தாளர் அம்மாவுக்கு நாற்காலி வேண்டுமா என்று மேஸ்திரியே கேட்டான். அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஜூன் கடைசியில் விடுமுறை வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். இரண்டாம் நாளே, தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டே ரொலாந்தைப் பார்த்துக் கத்தினாள்: "மதாம், இந்தக் கதவுப் பாட்டு யாரோடதுங்க?"

பதினோரு பேரும் தலையைக் குனிந்து இறாலைப் பார்த்தார்கள், ஆனால் கை எதுவும் ஓடவில்லை.

"என்னுது" என்றாள் ரொலாந்த். "நான் கட்டினது. இப்போ திருப்பிச் சொல்லு, சத்தமாச் சொல்லு."