தாழ்வாரத்தை விழுங்கிய கண்ணாடி

கண்ணாடியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அதைக் கட்டிய குழுவின் மேல், அந்தக் குழுவுக்குச் செயலாளராக இருந்த என் மேல்.

போர்டிக்சன் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது எங்கள் சர்ச். ரப்பர் காலத்தில் தோட்டத்து ஆட்களே எழுப்பியது. பலகைச் சுவர், ஓட்டுக்கூரை, பக்கவாட்டில் பெரிய ஜன்னல்கள், அவற்றை ஒட்டி ஒரு தாழ்வாரம். அவர்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. இப்போது செனாவாங்கிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரில் வருகிறோம்.

அண்ணன் மோட்டார் சைக்கிளில் வருவான். வருவான், ஆனால் உள்ளே வரமாட்டான். பதினோரு வருடத்துக்கு முன் அவன் ஓர் இந்துப் பெண்ணை மணக்கப் போனபோது, இங்கே கல்யாணம் நடத்த முடியாது என்று சபைக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அம்மாவும் எழுந்து அதுதான் சரி என்றாள். "இனி இந்த சர்ச்சுக்குள்ள என் காலு படாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வெளியேறினான். அம்மாவோடு பேச்சும் அன்றோடு நின்றது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, தாழ்வாரத்தில் மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். தாழ்வாரம் 'உள்ளே' இல்லையே, அது அவன் கணக்கு. அடுத்த வாரமே அம்மா முன்வரிசையை விட்டுவிட்டு அந்த ஜன்னலோரம் இடம் மாறிக்கொண்டாள். ஆராதனையின் நடுவே ஒருவருக்கொருவர் கை கொடுத்து சமாதானம் சொல்லும் நேரத்தில், முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் வெளியே நீட்டுவாள். அண்ணன் பிடித்துக்கொள்வான். ஒரு வார்த்தை கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை, அவ்வளவுதான் அவர்களுக்குள் மிச்சம் இருந்தது. ஷிப்ட் முடிந்து வேலை உடுப்போடு நேராக வருகிறவர்கள் நாலைந்து பேர் அந்தத் தாழ்வாரத்தில் நிற்பது வழக்கம் என்பதால் யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த நாலைந்து பேரின் மேல்தான் எங்கள் குழுத் தலைவருக்கு இரக்கம் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர், அதுதான் தொல்லை. வரைபடத்தை மேசையில் விரித்தார். தாழ்வாரத்தையும் சேர்த்து வளைத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடி ஹால். படத்தில் அதற்குள் யாரோ கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பழைய சுவர்ல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாங்க. வெளிய நிக்கறவங்களும் ஏர்கோன்ல உக்காரலாம்லா."

"மூணாவது ஜன்னல் பக்கம் மட்டும் திறந்தாப்ல விட்டுடலாமே" என்றேன்.

"எதுக்கு?"

"காத்து வரும்."

"ஏர்கோன் போடற எடத்துல காத்து எதுக்குய்யா?" எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மைக் காரணத்தை எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த ஞாயிறு மொத்த சபையும் அந்த ஜன்னலைத்தான் பார்க்கும். ஒரு தடவை பார்த்தால் போதும், அண்ணன் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். வாயை மூடிக்கொண்டு, தீர்மானத்தில் 'ஏகமனதாக' என்று என் கையாலேயே எழுதினேன்.

கட்டி முடிந்ததும் இன்னொரு வழி தேடினேன். ஜெபமெல்லாம் எதற்கு, வெறும் ஹால்தானே, ரிப்பன் வெட்டித் திறந்துவிடலாம் என்று தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்பதுபோல் பார்த்தார். பாஸ்டர் நாலு மூலைக்கும் நடந்து, நிறுத்தி நிதானமாக ஜெபித்துத் திறந்துவைத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு அண்ணன் வந்தான். கண்ணாடிக் கதவுக்கு நாலடி தள்ளி நின்றான். நான் வெளியே ஓடினேன்.

"அண்ணே, இது ஹாலுதான். கோப்பி குடிக்கிற எடம். வாண்ணே."

"பாஸ்டர் ஜெபம் பண்ணிட்டாரா?"

நான் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தேன்.

"அப்புறம் என்னடா. சர்ச்சுதான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அன்று அவன் சொன்ன வார்த்தை அவனைத் தவிர யாருக்கு ஞாபகம் இருக்கிறது? இரண்டு எட்டு வைத்தால் தீர்ந்தது. வைக்கவில்லை. கார்கள் நிற்கும் திடலில், மோட்டார் பக்கத்தில், வெயிலில் நின்றான். கதவை மூடிய பிறகு ஒரு பாட்டுக்கூட அவனுக்குக் கேட்டிருக்காது. ஷிப்ட் ஆட்கள் ஹாலில் சொகுசாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அது நல்லதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அம்மா வழக்கம்போல் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். இப்போது ஹாலாகிவிட்ட அந்தப் பக்கம் புது நாற்காலியில் இருந்த தலைவர் எழுந்து, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "சமாதானம்மா" என்று மலர்ந்து சொன்னார். அம்மா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி ஜெபம் வரை அதை அசைக்கவில்லை. நான் எழுந்து திடலைப் பார்த்தேன். மோட்டார் இல்லை. குழுவில் காரணத்தைச் சொன்னால் அவன் வரமாட்டான் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். நான் சொல்லாமல் இருந்தும் அவன் போய்விட்டான்.

அம்மாவைக் காரில் செனாவாங்குக்குக் கூட்டி வந்தேன். வீட்டு வாசலில் இஞ்சினை நிறுத்தியதும் கேட்டாள்.

"வெயில்லயாடா நின்னான்?"

"ஆமாம்மா."

"தலைக்கு ஏதாச்சும் போட்டிருந்தானா?"

பதினோரு வருடத்தில் அவனைப் பற்றி அம்மா என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. போட்டிருந்தான் என்று பொய் சொன்னேன்.