மூலைக் கம்பத்து இரைச்சல்

விடிந்து ஆறு மணி இருக்கும். மின்ரிக்‌ஷா ஓட்டும் பஞ்சானன் நடந்தே வந்து என் ஜன்னலைத் தட்டினான். "நந்தி அண்ணன் போயிட்டாருங்க. மூலைக் கம்பத்துல" என்றான்.

அபரேஷ் நந்தி, கிருஷ்ணநகர் போகும் பேருந்துகளுக்குச் சீட்டுக் கொடுப்பவர். மாலையில் வீடு வந்ததும் சிற்றலை வானொலியைத் திறப்பார். தூர தேசத்து நிலையங்கள், புரியாத மொழிகள். அவருக்கு அவைதான் வேண்டும். கடுகெண்ணெயில் பிசைந்த பொரி பக்கத்தில் இருக்கும். மெல்லும் சத்தத்தில் நிலையத்தின் பெயர் தப்பிவிடும் என்று, அது நமத்துப் போகும்வரை தொடமாட்டார்.

மலிவு பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் சிற்றலையில் கொரகொரக்கும். கையடக்க ரேடியோவைத் திருப்பித் திருப்பித் தெருவில் நடப்பார். முனை இரைச்சலின் பக்கம் நேராகத் திரும்பினால் ரேடியோவில் அது அடங்கிவிடும்; அப்போது முனை காட்டும் வீட்டுக் கதவைத் தட்டுவார். சண்டைக்கு அல்ல. பழைய டிவிகளில் கழற்றிய கறுப்புக் காந்த வளையத்தில் அந்த வீட்டு ஒயரைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வருவார். எதிர்வீட்டு ரூமாவின் கல்யாணத்துக்கு அவர் கொடுத்தது இரைச்சல் போடாத பல்பு அரை டஜன். அவர் மனைவி பர்ணாலி அண்ணி அந்தப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரவே இல்லை.

"இன்னிக்கு யார் வீட்டு மிக்ஸியை அரெஸ்ட் பண்ணீங்க அண்ணே?" என்று டீக்கடையில் பஞ்சானன் சீண்டுவான்.

"உன் சார்ஜரைத்தான். தெருவுக்கே சளி பிடிச்ச மாதிரி இருக்கு. கொண்டா, சரி பண்ணித் தரேன்."

மழை பிடித்த பிறகு வந்த இரைச்சல் எந்த வளையத்துக்கும் அடங்கவில்லை. அது மூலையிலிருந்த இரும்பு மின்கம்பத்திலிருந்து வந்தது. மரச்சுத்தியலால் தட்டினால் ரேடியோவில் இரைச்சல் விட்டுவிட்டு வரும். மேலே ஏதோ தளர்ந்து பொறி விடுகிறது என்று மின்சார அலுவலகத்தில் பலமுறை போய்ச் சொன்னார். கடைசியில் வந்த லைன்மேன் அண்ணாந்து பார்த்தான்.

"விளக்கு எரியுதுல்ல? உங்க ரேடியோவுக்காக லைனை நிறுத்தச் சொல்றீங்களா?"

"ரேடியோ கிடக்கட்டும்பா. இந்தக் கம்பத்தை ஸ்டம்பா வச்சுத்தான் பசங்க ஆடுறாங்க."

லைன்மேன் போய்விட்டான். ஞாயிறு விடியும்வரை மழை. பையன்கள் மட்டையோடு வருமுன் இன்னொரு முறை பார்த்துவிடப் போயிருக்கிறார். கம்பத்தை நெருங்கினால் ஏரியலை உள்ளே தள்ளிவிடுவது அவர் வழக்கம். அவ்வளவு கிட்டத்தில் அது தேவைப்படாது. அன்று அது நீண்டபடியே இருந்தது. தேங்கிய நீரில் நின்று சுத்தியலை ஓங்கினார், மறுகையிலிருந்த ஏரியல் கம்பத்தில் பட்டது என்றான் பஞ்சானன். அவன் எதிர்ச்சாரியில் பல் துலக்கிக்கொண்டிருந்தானாம்.

மதியத்துக்குள் கம்பத்தை மாற்றிவிட்டார்கள். என் ரேடியோவில் இப்போது எல்லா நிலையங்களும் சுத்தமாகக் கேட்கின்றன. பையன்கள் புதுக் கம்பத்தை ஸ்டம்பாக்கிக்கொண்டார்கள்.

பஞ்சானனின் வண்டி இன்னும் ஓடவில்லை. அண்ணியிடம் போய்க் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. சார்ஜர் நந்தியின் மேசையில் திறந்து கிடக்கிறது. திருகாணிகள் பொரிக் கிண்ணத்தில், வளையத்தில் ஒயர் பாதி சுற்றியபடி.