லேடாங் ஓடையில் தாலிப் பொன் தேடியது

ஜப்பான்காரன் ஆட்சியில், 1943இல், லேடாங் மலையடிக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. தாலிக்குப் பொன் தேடி. ஒண்டிக்கட்டைகளைத்தான், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு முதலில் பிடிக்கிறார்கள் என்று எங்கள் ரப்பர் தோட்டமெங்கும் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் செல்லம்மாவுக்கும் கல்யாணம். இரு வீட்டு நகையும் அரிசியாக மாறிவிட்டது. "ஒரு பொட்டுப் பொன்னு இல்லாம எம்பொண்ணு கழுத்துல கயிறு ஏறாது" என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தங்காக்கில், கரி எரித்து ஓடும் லாரியில் ஏறினோம். சாகில் வரை பத்து மைல் சொச்சம். ஆளுக்கு இரண்டு வெள்ளி, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில். கூட வந்தவர் மரியதாஸ். என்னைப் போலவே பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். முன்பு ரவூப் தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்தவர். வழியெல்லாம் கேள்வி கேட்டு அவர் உயிரை வாங்கினேன்.

"பொன்னு பாறைக்குள்ள எப்படிப் போச்சு?"

"பூமிக்கு அடியில தண்ணி கொதிக்குது லா. அதுல கரைஞ்சு, பாறை வெடிப்புல ஏறி வருது. மேல வந்து ஆறுனதும் வெள்ளைக் கல்லோட அங்கேயே படிஞ்சிரும்."

ரசத்தில் உப்புப் போலக் கரைந்த பொன்! கல்யாணக் கவலைகூடச் சற்று மறந்துபோயிற்று.

சாகிலில் இறங்கி நடந்து, ஒன்பதரைக்கு ஓடை. வெள்ளைக் கல்லில் மஞ்சளாக மின்னியதைக் கண்டு குதித்தேன். மரியதாஸ் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். தூளாகிக் கந்தக நாற்றம் அடித்தது. "பொன்னுன்னா நசுங்கும், நொறுங்காது" என்றார். மழை பாறையைக் கரைக்கும்போது பொன் ஓடைக்கு வருமாம். கனமானதால் வளைவில், பெரிய கல்லுக்குப் பின்னால் தங்கிவிடுமாம். அங்கே மணலை அள்ளி, நான் கொண்டுபோன தகரத் தட்டில் அலசினோம். பன்னிரண்டு மணிவரை ஒன்றுமில்லை.

மரியதாஸ் தட்டைத் தடவிப் பார்த்தார். "அலமாக்! வேலு, இதுல என்னப்பா செஞ்ச?"

"மரவள்ளி அடை சுட்டோம். செம்பனை எண்ணெயில."

"போச்சு! எண்ணெய் பட்டா பொன்னுப் பொடி மெதக்கும். இவ்வளவு நேரம் பொன்னையே கொட்டியிருப்போம்!"

தலையில் அடித்துக்கொண்டேன். சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்து, மறுபடி அலசினோம். மூன்று மணிக்குத் தட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு; கடுகில் பாதி இருக்கும். மரியதாஸ் கத்தி முனையால் அழுத்தினார். நசுங்கியது. வெட்கமில்லாமல் அழுதேன்.

திரும்பும் லாரி தங்காக் நுழைவில் ஜப்பானியக் காவல் சாவடியில் நிற்கும். பொன்னைக் கண்டால் விடமாட்டார்கள். லாரி ஏறுமுன் வழியோர ரப்பர் மரத்தில் ஒரு கீறல் போட்டு, பொட்டைக் குதிகால் வெடிப்பில் வைத்து, மேலே ரப்பர் பாலைப் பூசினேன். வெடிப்புக்கு நாங்கள் வழக்கமாகப் பூசுவதுதான். சிப்பாய் பை, மடி, வாய்கூடப் பார்த்தான். குனிந்து வணங்கிவிட்டு நடந்தேன்.

ஐந்தரைக்குச் செல்லம்மா வீட்டில் உட்கார்ந்து, குதிகாலில் ஒட்டியிருந்த பாலை உரித்தேன். அவள் அம்மா முகம் கறுத்தது.

"பொன்னைக் கால்ல வச்சா கொண்டாந்தீங்க மாப்பிள்ளை? லட்சுமியை மிதிச்சிட்டு, இதையா கழுத்துல கட்டுறது?"

செல்லம்மா பொட்டை வாங்கிச் செம்புத் தண்ணீரில் அலசினாள்.

"ஓடையில கெடந்தப்ப யானை மிதிக்கலியா, பன்னி மிதிக்கலியா? கழுவியாச்சும்மா. இவரு சயாமுக்குப் போகாம இங்கேயே இருக்கணும்."

அம்மா தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் அரைக்க உட்கார்ந்தார்.